இரண்டு கோல் முன்னிலை ஏன் நிற்கவில்லை?

*கொல்கத்தாவின் பெரிய கிளப்புக்குத் தாக்குதல் ஆட்டத்தில் நம்பிக்கை வைத்த புதிய பயிற்சியாளர் வந்தார். முதல் ஐந்து வாரங்களில் பின்களம் ஓட்டையாய் ஒழுகியது. அதே அணி, அதே பயிற்சியாளரோடு அந்த சீசனில் இரண்டு பட்டங்களையும் அள்ளியது. இப்போது இன்னொரு தாக்குதல் பயிற்சியாளர் வந்திருக்கிறார். பழைய கேள்வியும் கூடவே வந்திருக்கிறது.*

2024 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை. கொல்கத்தா சால்ட் லேக் யுவபாரதி மைதானத்தில் டூரண்ட் கோப்பை இறுதியாட்டம். 11-வது நிமிடத்தில் ஜேசன் கம்மிங்ஸ் பெனால்டியை உள்ளே தட்டிவிட்டபோதே பச்சை-மெரூன் கூட்டம் எழுந்துவிட்டது. முதல் பாதி முடிந்து கூடுதல் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் சஹல் அப்துல் சமது இரண்டாவது கோலையும் அடித்தார். மோகன் பகான் சூப்பர் ஜயன்ட் 2, நார்த் ஈஸ்ட் யுனைடெட் 0. எதிரே நிற்பதோ பிறந்த நாளிலிருந்து ஒரு பெரிய கோப்பையைக்கூடத் தொட்டிராத அணி. கோப்பை மோகன் பகானுக்குத்தான் என்று கேலரி முடிவே கட்டிவிட்டது.

55-வது நிமிடம். மொராக்கோவின் அலாவுதீன் அஜராய் ஒன்றைத் திருப்பினார். 58-வது நிமிடம். ஸ்பெயின்காரர் கில்லெர்மோ ஃபெர்னாண்டஸ் இன்னொன்று. மூன்றே நிமிடத்தில் கணக்கு நேராகிவிட்டது. பெனால்டி ஷூட் அவுட்டில் லிஸ்டன் கொலாசோ உதைத்ததை குர்மீத் சிங் தடுத்தார். கேப்டன் சுபாஷிஷ் போஸ் உதைத்ததையும் தடுத்தார். 4-3. கோப்பை குவாஹாட்டிக்குப் போனது.

மைதானத்துக்குக் கிழக்கே செக்டார் ஃபைவ்; அதைத் தாண்டினால் நியூ டவுன். ராஜார்ஹாட் வயல்களும் மீன் குட்டைகளும் இருந்த இடத்தில் கால் நூற்றாண்டுக்குள் முளைத்த நகரம். ஐ.டி. வளாகங்கள், அடுக்குமாடிகள், ஈகோ பார்க், அகன்ற சாலைகள். இங்கே குடியிருப்பவர்களில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள் என்று தோன்றும். ஆனால் டெர்பி நாளில் பால்கனிகளில் தொங்கும் கொடிகளைப் பார்த்தால் யார் வீட்டில் இறால், யார் வீட்டில் ஹில்சா என்று சொல்லிவிடலாம். மோகன் பகான் ஜெயித்தால் இறால், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா என்பது இந்த ஊர் வழக்கம். அந்த ஆகஸ்ட் இரவுக்குப் பிறகு நியூ டவுன் டீக்கடைகளிலும் அலுவலகப் பேருந்துகளிலும் ஒரே பேச்சு: இத்தனை பணம் போட்டு, இத்தனை பேரை வாங்கி, இரண்டு கோல் முன்னிலையைக் காப்பாற்றத் தெரியாதா?

கோல்கீப்பராக இருந்த பயிற்சியாளர்

ஹோசே மோலினா 2024 ஜூனில் பொறுப்பேற்றபோது கொல்கத்தாவுக்குப் புதியவரல்லர். 2016-இல் அட்லெட்டிகோ டி கொல்கத்தாவுக்கு ஐ.எஸ்.எல். கோப்பையை வாங்கித் தந்தவர். கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸை ஷூட் அவுட்டில் வீழ்த்திய அந்த இறுதியாட்டம் பலருக்கு நினைவிருக்கும்.

அவர் கதையே தனி. ஸ்பெயின் தேசிய அணியின் கோல்கீப்பர். 1996-இல் நார்வேக்கு எதிரான தன் முதல் சர்வதேச ஆட்டத்தில், மாற்று வீரர்கள் தீர்ந்துபோனதால், கோல் கம்பத்தை விட்டுக் களத்தில் ஓடி ஆடியவர். அதே சீசனில் அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்காக ஸ்பெயின் லீகில் மிகக் குறைவாக கோல் வாங்கிய கோல்கீப்பருக்கான சமோரா விருதைப் பெற்றார். 2000-இல் டெபோர்ட்டிவோ லா கொருன்யாவுக்கு மாறினார். 2002-இல் புற்றுநோய் வந்து, மீண்டு, திரும்பவும் ஆடினார். கோல் வாங்கும் வலி தெரிந்த மனிதர் என்று இவரைச் சொல்லலாம்.

அவருக்கு முன்பு இருந்தவர் அந்தோனியோ ஹபாஸ். கட்டுக்கோப்புக்குப் பேர் போனவர். முதலில் பின்களம், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். அவருக்கும் முன்னால் ஹுவான் ஃபெராண்டோ. அவரும் முன்னேறித் தாக்கும் ஆட்டத்தை விரும்பியவர்தான். 2023-இல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றார். ஆனால் அதே ஆண்டு நவம்பர் 27 அன்று ஏ.எஃப்.சி. கோப்பையில் ஒடிசா இதே சால்ட் லேக்கில் 5-2 என்று உரித்துவிட்டுப் போனது. டிசம்பரில் லீகில் மூன்று தொடர் தோல்விகள். அதில் ஒன்று கோவாவிடம் சொந்த மண்ணில் 1-4. ஜனவரி முதல் வாரத்தில் ஃபெராண்டோ வெளியே, ஹபாஸ் உள்ளே. தாக்குதல்காரர் வருவார், பின்களம் உடையும், கட்டுக்கோப்புக்காரரைக் கூப்பிடுவார்கள், பட்டம் வரும், பிறகு "ஆட்டம் ரசிக்கும்படி இல்லை" என்று இன்னொரு தாக்குதல்காரரைத் தேடுவார்கள். கொல்கத்தாவில் இது பழகிப்போன சுற்று.

2024-25-க்கு மோலினாவிடம் கொடுக்கப்பட்ட முன்களத்தை இந்திய கிளப் கால்பந்து அதற்கு முன் கண்டதில்லை. ஆஸ்திரேலிய லீகில் கோல்களைக் குவித்த ஜேமி மெக்லாரன், கம்மிங்ஸ், டிமிட்ரி பெட்ராடோஸ், ஸ்காட்லாந்தின் கிரெக் ஸ்டூவர்ட். இறக்கைகளில் லிஸ்டனும் மன்வீர் சிங்கும். நடுவில் மும்பையிலிருந்து வந்த அபுயா, கூட அனிருத் தாப்பா, சஹல்.

பின்களம்தான் புதுசு. ஹெக்டர் யூஸ்டே, பிரெண்டன் ஹாமில் போய்விட்டார்கள். பிரிஸ்பேனிலிருந்து டாம் ஆல்ட்ரெட், இந்தோனேசியாவிலிருந்து அல்பெர்டோ ரோட்ரிகஸ் வந்து சேர்ந்தார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, முந்தைய சீசனில் லீகில் முதலிடத்துக்கான ஷீல்டை வென்ற அணியின் தூணாக இருந்த இந்திய சென்டர் பேக் அன்வர் அலி, பரம எதிரியான ஈஸ்ட் பெங்காலுக்கே போய்ச் சேர்ந்தது. அந்தப் பஞ்சாயத்து அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் குழுவுக்குப் போய், நான்கு மாதத் தடை, 12.90 கோடி ரூபாய் இழப்பீடு என்று தீர்ப்பாகி, அங்கிருந்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்கும் போனது.

ஊரும் அப்போது கால்பந்து பார்க்கும் மனநிலையில் இல்லை. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவருக்கு நேர்ந்த கொடுமைக்கு நீதி கேட்டு நகரம் தெருவில் நின்றது. ஆகஸ்ட் 18 அன்று நடக்கவேண்டிய டெர்பி ரத்தானது. அன்று மாலை மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ரசிகர்கள் மூன்று கொடிகளோடும் ஒன்றாய் யுவபாரதி வாசலில் திரண்டு குரல் கொடுத்தார்கள். அந்த மாலை இந்தக் கட்டுரையில் வரும் எந்தக் கோலையும்விடப் பெரியது.

┌─────────────────────
ஐந்து வாரம், ஆறு ஆட்டம்

ஆகஸ்ட் 23 (டூரண்ட் கால் இறுதி): பஞ்சாப் 3-3, ஷூட் அவுட்டில் வெற்றி

ஆகஸ்ட் 27 (அரையிறுதி): பெங்களூரு 2-2, ஷூட் அவுட்டில் வெற்றி

ஆகஸ்ட் 31 (இறுதி): நார்த் ஈஸ்ட் 2-2, ஷூட் அவுட்டில் தோல்வி

செப்டம்பர் 13 (ஐ.எஸ்.எல்.): மும்பை 2-2

செப்டம்பர் 23: நார்த் ஈஸ்ட் 3-2, வெற்றி

செப்டம்பர் 28: பெங்களூரு 0-3, தோல்வி

அடித்தது 12, வாங்கியது 14. இதே நாட்களில் கோல் வாங்காத ஒரே ஆட்டம், ஆசியப் போட்டியில் தஜிகிஸ்தானின் ரவ்ஷானோடு 0-0.
└─────────────────────

எங்கே ஒழுகியது?

செப்டம்பர் 13 ஆட்டத்தைப் பாருங்கள். லீகின் தொடக்க நாள். 9-வது நிமிடத்தில் மும்பையின் டிரி சொந்த கோல் போட்டுவிட்டார். 28-இல் அல்பெர்டோ அடித்தார். மறுபடியும் 2-0. மறுபடியும் அதே சால்ட் லேக். 70-வது நிமிடத்தில் டிரியே வந்து பரிகாரம் தேடிக்கொண்டார். 90-வது நிமிடத்தில் தாயிர் க்ரூமா. 2-2. இரண்டு வாரத்துக்குள் இரண்டு முறை இரண்டு கோல் முன்னிலை காற்றில் போனது.

பிறகு நார்த் ஈஸ்ட் கொல்கத்தாவுக்கு வந்தபோது நாலாவது நிமிடத்திலேயே கோல் விழுந்தது. 24-இல் அஜராய் இன்னொன்று. சுபாஷிஷும் 87-வது நிமிடத்தில் கம்மிங்ஸும் காப்பாற்றினார்கள். பெங்களூருவில் காப்பாற்ற ஆளில்லை. 9-வது நிமிடத்தில் எட்கர் மெண்டஸ், 20-இல் சுரேஷ் வாங்ஜம், இடைவேளைக்குப் பிறகு பெனால்டியில் சுனில் சேத்ரி. தன் 18-வது வயதில் மோகன் பகான் சட்டை போட்டுத் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கிய மனிதர், 40 வயதில் அதே கிளப்பின் வலையில் பந்தைப் போட்டார்.

இந்தக் கோல்களையெல்லாம் "டிஃபெண்டர் சொதப்பல்" என்று ஒரே மூட்டையில் கட்டுவது எளிது. தொலைக்காட்சியில் கடைசியாகத் தெரிகிற முகம் டிஃபெண்டருடையதுதான். ஆனால் கோல் விழுவதற்குப் பத்து விநாடி முன்னால் பந்து எங்கே இருந்தது, யார் இழந்தார், இழந்ததும் பக்கத்தில் இருந்தவர் என்ன செய்தார் என்று பார்த்தால் விடை வேறு இடத்தில் இருக்கிறது.

முன்னேறித் தாக்கும் அணியில் இரண்டு பக்க பேக்குகளும் நடுக்கோட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். எஞ்சுவது இரண்டு சென்டர் பேக்குகள். அவர்களுக்குப் பின்னால் நாற்பது மீட்டர் வெட்டவெளி. இந்த ஏற்பாடு மூன்று நிபந்தனைகளில்தான் நிற்கும். பந்து பறிபோன கணத்தில் அருகில் இருப்பவர் எதிராளியைத் திரும்பவிடாமல் அமுக்க வேண்டும். நடுக்கள வீரர்கள் இருவரில் ஒருவராவது சென்டர் பேக்குகளுக்கு முன்னால் நிற்க வேண்டும். சென்டர் பேக்குகள் இருவரும் ஒருவர் ஏறினால் மற்றவரும் ஏறி, ஒருவர் பின்வாங்கினால் மற்றவரும் பின்வாங்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் போச்சு. முன்வாசலை அகலத் திறந்து வைத்திருக்கும் வீட்டில், கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட ஒருவரை நிறுத்த வேண்டாமா?

மூன்றாவது நிபந்தனை பழக்கத்தில் மட்டுமே வரும். ஆல்ட்ரெட்டும் அல்பெர்டோவும் அந்தக் கோடையில்தான் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டவர்கள். ஒருவர் பேசுவது ஆங்கிலம், மற்றவர் ஸ்பெயின்காரர். வலப்புறம் ஆஷிஷ் ராய், இடப்புறம் சுபாஷிஷ், மாறி மாறி இளைஞர் திப்பெந்து பிஸ்வாஸ். நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் நகர்வதற்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். கிடைத்தது வாரக்கணக்கு.

முன்னிலைக்குப் பிறகு வருகிற மந்தமும் சேர்ந்துகொண்டது. 2-0 ஆனதும் முன்களத்தின் அழுத்தம் குறையும். முன்களம் தளர்ந்தால் எதிரணிக்குத் தலைநிமிர்ந்து பார்த்து நீளமாகப் பந்து போட நேரம் கிடைக்கும். பின்களம் மட்டும் இன்னும் மேலேயே நிற்கும். கால்பந்தில் இதைவிட ஆபத்தான நிலை கிடையாது. இதே மைதானத்தில் 2017 அக்டோபர் 28 அன்று, 66 ஆயிரம் பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க, 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதியில் ஸ்பெயின் 2-0 முன்னிலை வைத்திருந்து இங்கிலாந்திடம் 2-5 என்று தோற்றது.

ஹபாஸ் இருந்தால் நடந்திருக்காதா?

கொல்கத்தா ரசிகர் அடிக்கடி வைக்கிற வாதம் இது. நான் ஒப்பமாட்டேன்.

2024 மே 4. ஐ.எஸ்.எல். இறுதியாட்டம், சால்ட் லேக், பயிற்சியாளர் இதே ஹபாஸ். 44-வது நிமிடத்தில் கம்மிங்ஸ் முன்னிலை தந்தார். முடிவில் மும்பை 3-1. அதற்கு முன் 2021 மார்ச் 13, கோவா ஃபத்தோர்தாவில் இறுதியாட்டம். அன்றும் ஹபாஸ்தான், அன்றும் எதிரணி மும்பை, அன்றும் முதல் கோல் கொல்கத்தாவுடையது. டிரி அப்போது கொல்கத்தா அணியில். சொந்த வலையில் பந்தைப் போட்டுச் சமநிலை தந்தார். 90-வது நிமிடத்தில் வெளியே வந்த கோல்கீப்பர் அரிந்தம் பட்டாச்சார்யாவைத் தாண்டி ஓக்பெச்சே பந்தைப் பிடுங்கிக் கொடுக்க, பிபின் சிங் காலி வலையில் தட்டினார். இந்தியாவிலேயே இறுக்கமான பின்களம் என்று பேர் வாங்கிய அணி, இரண்டு பின்களத் தவறுகளால் கோப்பையை இழந்தது.

இறுக்கமாக ஆடினால் தவறு குறையும், இல்லாமல் போகாது. தாக்கி ஆடினால் தவறுக்கான தண்டனை உடனே வரும். வித்தியாசம் அவ்வளவுதான்.

உலகம் முழுக்க இதே சண்டைதான். அதே 2024 கோடையில் பார்சிலோனாவுக்கு ஹான்ஸி ஃபிளிக் வந்தார். நடுக்கோட்டுக்கு அருகிலேயே பின்களத்தை நிறுத்தினார். ஸ்பெயின் லீக் பட்டம் கிடைத்தது; சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இன்டர் மிலன் இரண்டு ஆட்டங்களில் ஏழு கோல் போட்டு வெளியேற்றியது. லண்டனில் டாட்டனமின் ஆஞ்சி போஸ்டகோக்லு, 2023 நவம்பரில் செல்சிக்கு எதிராக ஒன்பது பேராகச் சுருங்கியபின்னும் பின்களத்தைக் கீழே இறக்கவில்லை, 1-4. 2024-25-இல் லீகில் 17-வது இடம், கூடவே யூரோப்பா லீக் கோப்பை. பட்டம் தந்த பிறகும் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அக்டோபரில் என்ன மாறியது?

பெங்களூரு தோல்வியோடு சேர்த்து மூன்று லீக் ஆட்டங்களில் நான்கே புள்ளிகள். பயிற்சியாளரை மாற்று என்ற கூச்சல் கொல்கத்தாவில் எழ இவ்வளவே போதும். எதிர்முகாமில் அதுதான் நடந்தது: ஈஸ்ட் பெங்கால் முதல் மூன்று லீக் ஆட்டங்களையும் தோற்றதும் கார்லெஸ் குவாத்ராத் விலகினார், பின்களம் சரியாகவில்லை, அந்த அணி முதல் ஆறு ஆட்டங்களையும் தோற்றது.

மோகன் பகான் மோலினாவை வைத்துக்கொண்டது. அவர் ஆட்ட முறையைக் கைவிடவில்லை. ஆட்களின் இடத்தை நிலைப்படுத்தினார். ஆல்ட்ரெட்-அல்பெர்டோ ஜோடிதான் சென்டர் பேக், அதில் கைவைப்பதில்லை. களத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் இறங்கலாம் என்பது ஐ.எஸ்.எல். விதி. இருவர் பின்களத்துக்குப் போனால், மெக்லாரன், கம்மிங்ஸ், பெட்ராடோஸ், ஸ்டூவர்ட் நால்வரில் இருவருக்குத்தான் தொடக்கத்தில் இடம். கோடிகளைக் கொட்டி வாங்கிய தாக்குதல் வீரர்களில் பாதிப் பேரைப் பெஞ்சில் உட்கார வைக்கத் துணிச்சல் வேண்டும். தாக்குதல் பயிற்சியாளர் ஒருவர் செய்த மிகப் பெரிய தற்காப்பு முடிவு அதுதான் என்பேன்.

நடுக்களத்தில் அபுயா சென்டர் பேக்குகளுக்கு முன்னால் வேலியாக நின்றார். லிஸ்டனும் மன்வீரும் பந்து பறிபோனால் தங்கள் பேக்குக்குத் துணையாகக் கீழே ஓடிவந்தார்கள். இந்த ஓட்டங்களுக்குக் கேலரியில் கைதட்டல் கிடைக்காது. ஆனால் இவை இல்லாமல் அந்த சீசன் இல்லை.

அக்டோபர் 5, முகமதனுக்கு எதிராக 3-0. அக்டோபர் 19, டெர்பியில் 2-0. அக்டோபர் 30, ஹைதராபாத்தில் 2-0. மூன்று ஆட்டம், வலை காலி.

பிறகு வந்த ஓட்டத்தை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. நவம்பர் 30-இல் நம்ம சென்னையின் எஃப்.சி. சால்ட் லேக்கில் 86-வது நிமிடம் வரை தாக்குப்பிடித்து, கம்மிங்ஸின் ஒற்றை கோலில் வீழ்ந்தது. ஜனவரி 21-இல் சென்னையில் 0-0 என்று மானம் காத்தது. 2025 பிப்ரவரி 23, ஒடிசாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் மூன்றாவது நிமிடத்தில் பெட்ராடோஸ் அடித்த கோலில் ஷீல்டு மோகன் பகானிடமே நின்றது. அந்தப் பட்டத்தை அடுத்தடுத்த ஆண்டுகளில் தக்கவைத்த முதல் அணி இதுதான். ஏப்ரல் 12-இல் பெங்களூருவை 2-1 என்று கூடுதல் நேரத்தில் வென்று ஐ.எஸ்.எல். கோப்பையும் வந்தது. அந்த இறுதியிலும் முதல் கோல் அல்பெர்டோவின் சொந்த கோல் என்பதைக் குறிப்பிடாமல் விடக்கூடாது. இந்த முறை அணி கலையவில்லை.

┌─────────────────────
ஒரே சீசன், இரண்டு பின்களம்

முதல் 3 லீக் ஆட்டங்களில் வாங்கிய கோல்: 7

அடுத்த 21 ஆட்டங்களில்: 9

கோலே வாங்காத லீக் ஆட்டங்கள்: 15

லீகில் மொத்தம் அடித்தது: 47

வெற்றி 17, சமன் 5, தோல்வி 2. புள்ளிகள் 56. ஐ.எஸ்.எல். லீகில் 50 புள்ளியைத் தாண்டிய முதல் அணி.
└─────────────────────

இடது பேக் சுபாஷிஷ் போஸ் அந்த லீகில் ஆறு கோல் அடித்தார். டூரண்ட் இறுதியின் ஷூட் அவுட்டில் பெனால்டியைத் தவறவிட்ட அதே கேப்டன், ஆண்டு முடிவில் இந்தியாவின் சிறந்த வீரர் விருதைப் பெற்றார்.

கிளப் தப்பித்தது, நாடு தப்பித்ததா?

என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. மோலினா பின்களத்தைச் சரிசெய்தது இரண்டு வெளிநாட்டு சென்டர் பேக்குகளை அசைக்க முடியாத இடத்தில் வைத்து. கிளப்புக்கு அது சரியான முடிவு. வேறு பல கிளப்புகளும் அதையே செய்கின்றன. நான்கு இடங்களையும் சென்டர் பேக், ஸ்ட்ரைக்கர் என்று முதுகெலும்பில் செலவழிக்கின்றன. இந்தியர்களுக்கு மிஞ்சுவது இறக்கைகளும் பக்க பேக்குகளும். தேசிய அணி கூடும்போது நடுவில் நிற்க ஆளில்லை, கோல் அடிக்கவும் ஆளில்லை. 2024 ஜூன் 6 அன்று இதே சால்ட் லேக்கில் குவைத்தோடு 0-0 ஆடி விடைபெற்ற சேத்ரியை, 2025 மார்ச்சில் திரும்ப அழைத்தார்கள் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

2025 ஜூன் 10, ஹாங்காங். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று. 0-0 என்று முடியவேண்டிய ஆட்டம். கூடுதல் நேரத்தில் விஷால் கைத் பந்தைத் தட்ட வெளியே வந்து எதிராளி மீது மோதினார், பெனால்டி, தோல்வி. யார் இந்த விஷால் கைத்? மோகன் பகானின் 15 காலி வலைகளுக்குக் காவல் நின்ற கோல்கீப்பர். டூரண்ட் ஷூட் அவுட்டுகளில் இரண்டு முறை அணியைத் தூக்கி நிறுத்தியவர். கிளப்பில் அவருக்கு முன்னால் ஆல்ட்ரெட்டும் அல்பெர்டோவும் நிற்பார்கள். தேசிய அணியில் அந்தப் பழகிய சுவர் இல்லை. ஒருவர் கை தவறியதாக மட்டும் இதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அக்டோபர் 9, சிங்கப்பூர். சந்தேஷ் ஜிங்கன் இடைவேளை முடிந்த கையோடு சிவப்பு அட்டை வாங்கினார். பத்துப் பேரோடு போராடி 90-வது நிமிடத்தில் ரஹீம் அலி சமன் செய்தார். ஐந்து நாள் கழித்து ஃபத்தோர்தாவில் சாங்தே முதலில் அடித்தும், சிங்கப்பூர் 2-1. முன்னிலை வைத்திருந்து இழந்த இன்னொரு ஆட்டம். 2027 ஆசியக் கோப்பைக்கான கதவு அன்றே சாத்தப்பட்டது.

நியூ டவுனில்தான் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் தேசிய உயர் சிறப்பு மையம் இருக்கிறது. நாட்டின் இளம் அணிகள் முகாம் போடும் இடம். அங்கே பந்து தொடுகிற 16 வயதுப் பையன் ஒருவன் சென்டர் பேக்காக வரவேண்டும் என்று நினைத்தால், அவனுக்கு வாரந்தோறும் ஆட ஒரு களம் வேண்டும். திப்பெந்து பிஸ்வாஸ் போன்ற இளைஞர் இறங்குகிற ஆட்டத்தில் கோல் விழுந்தால் முதல் விரல் அவரை நோக்கித்தான் நீள்கிறது. நார்த் ஈஸ்டுக்கு எதிரான 3-2 ஆட்டத்தில் ஒரு கோல் அடித்துச் சமநிலை தந்தவரும் அவர்தான். அதைச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. வெளிநாட்டு ஜோடிக்குக் கிடைத்த பொறுமையில் பாதி இந்திய இளைஞருக்குக் கிடைத்தால் போதும்.

┌─────────────────────
கொல்கத்தா களத்தில் தமிழர்கள்

குலோத்துங்கன்: தஞ்சாவூர்க்காரர், நடுக்கள வீரர். 2003-இல் ஆசியான் கிளப் கோப்பை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் இருந்தவர். மூன்று பெரிய கொல்கத்தா கிளப்புகளுக்கும் ஆடியவர். 2018-இல் சாலை விபத்தில் மறைந்தார்.

ராமன் விஜயன்: ஈஸ்ட் பெங்கால் முன்கள வீரர்.

மோகன்ராஜ்: ஹபாஸ் பயிற்சியில் 2014-இல் முதல் ஐ.எஸ்.எல். கோப்பை வென்ற அட்லெட்டிகோ டி கொல்கத்தாவின் பின்கள வீரர்.

நந்தகுமார் சேகர்: சென்னை இளைஞர். 2023 ஆகஸ்ட் 12 டெர்பியில் அடித்த கோலில் ஈஸ்ட் பெங்காலின் நான்கரை ஆண்டு ஏக்கம் தீர்ந்தது.
└─────────────────────

இப்போது லொபேரா

2025-26 மோலினாவுக்குக் கைகொடுக்கவில்லை. டூரண்ட் கால் இறுதியில் ஈஸ்ட் பெங்காலிடம் 1-2. ஆசியப் போட்டியில் துர்க்மெனிஸ்தானின் அஹாலிடம் சொந்த மண்ணில் 0-1. ஐ.எஃப்.ஏ. ஷீல்டு ஒன்றுதான் ஆறுதல். சூப்பர் கோப்பையில் முதல் சுற்றோடு வெளியேறியதும், நவம்பர் கடைசியில் அவரும் கிளப்பும் பிரிந்தார்கள். இடத்துக்கு வந்தவர் செர்ஹியோ லொபேரா. 2023 நவம்பரில் சால்ட் லேக்கில் ஐந்து கோல் போட்டுவிட்டுப் போன ஒடிசாவின் பயிற்சியாளர் இவர்தான். 2021 இறுதியில் ஹபாஸை வீழ்த்திய மும்பையின் பயிற்சியாளரும் இவர்தான்.

லொபேராவைச் சென்னைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவருடைய முதல் ஐ.எஸ்.எல். ஆட்டமே நேரு ஸ்டேடியத்தில்தான். 2017 நவம்பர் 19. இடைவேளைக்குள் கோவா 3-0. நம் ஆட்கள் இரண்டைத் திருப்பி, கடைசி நிமிடம் வரை அவருக்கு வேர்க்க வைத்தார்கள், 3-2-இல் தப்பித்தார். அந்த லீகில் கோவா 18 ஆட்டங்களில் 42 கோல் அடித்தது, 28 வாங்கியது. அரையிறுதியில் மறுபடி சென்னைக்கு வந்தபோது ஜான் கிரிகரியின் சென்னையின் எஃப்.சி. அவசரப்படவே இல்லை. ஏறி நின்ற கோவா பின்களத்தை அடித்து 3-0. ஜேஜே இரண்டு, நடுவில் ஒன்று வியாசர்பாடி தனபால் கணேஷுடையது. அந்த ஆண்டுக் கோப்பை சென்னைக்கு வந்ததும் அந்த வழியில்தான்.

அதற்குப் பிறகு லொபேரா மாறினார். மும்பையில் ஷீல்டும் கோப்பையும் ஒரே சீசனில் வாங்கியபோது, அவர் அணிக்குத் தாக்கவும் தெரிந்திருந்தது, பின்களத்தில் நிற்கவும் தெரிந்திருந்தது. பயிற்சியாளர்களும் கற்றுக்கொள்கிறவர்கள்தாம், கிளப் அதற்குக் காலம் கொடுக்கிறதா என்பதே கேள்வி.

மோலினாவுக்கு இல்லாத ஒரு வசதி லொபேராவுக்கு இருக்கிறது. ஆல்ட்ரெட்டும் அல்பெர்டோவும் இப்போது ஒருவர் மூச்சு ஒருவருக்குத் தெரிகிற அளவுக்குப் பழகிவிட்டார்கள். மும்பையிலிருந்து மெஹ்தாப் சிங்கையும் கிளப் வாங்கி வைத்திருக்கிறது; தேசிய அணிக்கு ஆடும் சென்டர் பேக். ஆல்ட்ரெட் பக்கத்தில் ஓர் ஆட்டம், அல்பெர்டோ பக்கத்தில் ஓர் ஆட்டம் என்று அவரைத் தொடர்ந்து இறக்கினால், முன்களத்தில் இன்னொரு வெளிநாட்டவருக்கு இடமும் கிடைக்கும், நாட்டுக்கு ஒரு டிஃபெண்டரும் கிடைப்பார். அந்த மாற்றத்தின் முதல் மாதத்தில் சில கோல்கள் விழத்தான் செய்யும். அப்போது கேலரி லொபேராவின் தலையையோ மெஹ்தாபின் தலையையோ கேட்கக்கூடாது.